ஆடி பிறப்பதற்குள்

ஜூன் 24, செவ்வாய்

எங்கள் அம்பாசிடர் காரின் என்ஜின் பிளாக் லேத்திலிருந்து வந்துவிட்டது. 20 தவ் ஓவர்சைஸ் (ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஹோன் போட்டுத் தேய்த்த குறுக்குக் கோடுகள் நான்கு சிலிண்டர்த் துளையிலும் ஒரே மாதிரி விழுந்திருக்கின்றன. வீட்டைக் காலி செய்ய இன்னும் மூன்று வாரம்.

ஜூன் 25, புதன்

மாமாவுக்கு வலது கண் ஆபரேஷன் முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். குனியக் கூடாது, தூசி ஆகாது, தலைக்குத் தண்ணீர் கூடாது. இடது கண் ஆவணியில்தான், அதில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. ஆட்டோவில் ஏறியதும் கேட்டார்: "கிராங்க்கை ஏத்திட்டியா மாப்ள?"

ஜூன் 27, வெள்ளி

பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு, கிராங்க், ஏற்றியாயிற்று. பிஸ்டன்களும். கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது.

ஜூன் 28, சனி

இன்று டைமிங் செயின். கிராங்க் சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் சேர்த்துச் சுற்றுவது இதுதான்.

கேமின் பல்சக்கரத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட்டில், ஒரு புள்ளி, கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு புள்ளி. இரண்டு தண்டுகளின் மையத்தையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டில் இரண்டு புள்ளிகளும் எதிரெதிரே பார்த்து நிற்க வேண்டும். செயினை இரண்டு சக்கரத்திலும் மாட்டி, மூன்றையும் சேர்த்துப் பிடித்து, சக்கரங்களைத் தண்டோடு பூட்டும் அரைநிலா கீ இரண்டும் உட்காரும்படி ஒன்றாகத் தள்ளினேன். கடைசி அரை அங்குலம் இறங்க மறுத்தது. மரச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும் உட்கார்ந்தது.

வரக்கூடாது என்று சொல்லியும் மாமா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கார் செட்டுக்கு வந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து வைத்தேன். கட்டை விரலால் ஒரு புள்ளி, ஆள்காட்டி விரலால் இன்னொன்று. "நேராத்தான் இருக்கு" என்றார். கவரை மாட்டி, கிராங்க் முனையில் வரும் புல்லியின் நட்டை முறுக்கினேன்.

ஜூன் 29, ஞாயிறு

மாடிப் புத்தகங்களைக் கட்டினோம். பதினோரு பெட்டி. சொட்டு மருந்து ஆறு வேளை, என் போனில் ஆறு அலாரம்.

ஜூலை 1, செவ்வாய், இரவு 2 மணி

தூக்கம் வரவில்லை. அந்தக் கடைசி அரை அங்குலம்தான். தட்டும்போது செயின் ஒரு பல் தாவியிருந்தால்? மாமா தொட்டுப் பார்த்தது தட்டிய பிறகா, முன்பா? பிறகுதான் என்று மனசு சொல்கிறது. ஆனால் அவர் தொட்ட பிறகு இன்னொரு தடவை தட்டினேனோ என்றும் தோன்றுகிறது. கேம் தண்டு கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவது. அதில் ஒரு பல் தப்பினால் எட்டு வால்வுக்கும் தப்பு. திறக்க வேண்டியது தாமதமாகத் திறக்கும், மூட வேண்டியது தாமதமாக மூடும். வண்டி ஓடத்தான் செய்யும், அதுதான் பயம். மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும், சூடேறும், பெட்ரோலைக் குடிக்கும். ஆறு மாதம் கழித்துத்தான் எங்கே தப்பு என்று தேட ஆரம்பிப்போம். அதற்குள் அது எந்தத் தெருவில் நிற்கும்? புது வீட்டில் செட் கிடையாது, என்ஜினைத் திறக்க இடமே கிடையாது. கயிறு கட்டி இழுத்துப் போகலாம் என்கிறார்கள் எல்லோரும். நாற்பது வருடம் தன் காலில் போய் வந்த வண்டியைக் கயிறு கட்டி இழுக்க எனக்கு மனமில்லை.

ஜூலை 2, புதன்

திறந்துவிட்டேன். புள்ளிகள் நேர். ஒரு பல்லும் தாவவில்லை.

ஆனால் வேறொன்று கிடைத்தது. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்கு முன்னால் வரும் ஆயில் த்ரோயரை, ஆயிலைச் சீலிடம் விடாமல் வீசித் தள்ளும் தட்டை, தலைகீழாகப் போட்டிருக்கிறேன். எஃப் என்று பொறித்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும், உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் முன்சீல் வழியாக ஆயில் ஒழுகியிருக்கும். ஒரு கேஸ்கட் போயிற்று. மாமா கோபித்துக்கொள்ளவில்லை. "சந்தேகத்தோட ஓட்டுறதுக்குக் கேஸ்கட் சல்லிசு" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

ஹெட் ஏறியது. டேப்பட், அதாவது வால்வுக்கு விடும் இடைவெளி, 15 தவ். மாமா திண்ணையில் இருந்தபடியே கணக்குச் சொன்னார். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வை, ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை வை, எப்போதும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். நான் எண்ணைக் கத்துவேன், அவர் ஜோடியைக் கத்துவார். எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

ஜூலை 6, ஞாயிறு

பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், மூடி எல்லாம் டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரே கடையில் கிடைத்தன. 2014-இல் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்ற பிறகு கிடைக்காது என்று ஊரே சொன்னது. இந்த 1489 சிசி என்ஜினின் பெரிய தம்பி, 1798 சிசி, இங்கிலாந்தில் எம்ஜிபி காரில் ஓடியது. அதை இன்னமும் அங்கே ஆசையாக வைத்திருக்கிறார்கள். அதன் பழைய கையேடு ஒன்றைத்தான் மாமாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். பாதி வாக்கியத்திலேயே மீதியை அவர் சொல்லிவிடுகிறார்.

ஜூலை 8, செவ்வாய்

பால் காய்ச்ச 14-ஆம் தேதி காலை நாள் குறித்தாயிற்று. அதை விட்டால் ஆடி.

ஜூலை 9, புதன்

டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும் பல் தண்டை, டிரைவை, இறக்கிவிட்டேன். அதன் தலையில் ஒரு வெட்டு, தலையைப் பெரிதும் சிறிதுமாகப் பிரிக்கும். நீளமான 5/16 போல்ட்டை அதன் தலையில் முறுக்கிப் பிடித்து, பெரிய பாதி மேலே இருக்க, வெட்டு படுக்கைக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி விட வேண்டும். பல் கேமோடு சேரும்போது தானாகவே இடஞ்சுழியாகத் திரும்பி, கடிகாரத்தில் ஒரு மணி காட்டும் இடத்தில் நிற்கும். நின்றது. அழகாக நின்றது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் மகன் டேப்போடு வந்து செட்டை அளந்தார். எங்கே சுவரை இடிக்கலாம் என்று என் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 10, வியாழன்

ஓடவில்லை. கார்ப்பரேட்டர் வழியாகத் தும்மியது, சைலன்சரில் ஒரு வெடி. மாமா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "நிப்பாட்டு. புல்லி மார்க்கை மட்டும் பாத்துதான வச்ச?"

ஆமாம். புல்லியின் கோடு நீளமான முள்ளுக்கு நேராக இருந்தது. பிஸ்டன் மேலே இருக்கிறது என்று மட்டும்தான் அந்தக் கோடு சொல்லும், எந்தச் சுற்றில் மேலே, பொறி விழும் சுற்றா, புகையைத் தள்ளும் சுற்றா என்று சொல்லாது. ஒரு முழுச் சுற்று தப்பு. ஒன்றாம் பிளக்கில் பொறி விழ வேண்டிய நேரத்தில் நாலாவதில் விழுந்திருக்கிறது.

வயர்களை மாற்றிச் சொருகினால் ஓடிவிடும். வேண்டாம் என்றார் மாமா. "நாளைக்கு வேற ஒருத்தன் மூடியத் தொறப்பான், அவன் குழம்புவான்."

ஜூலை 11, வெள்ளி

மறுபடியும். ஒன்றாம் பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்து, ஹாண்டிலை மெதுவாகச் சுற்றினேன். காற்று விரலைத் தள்ளியது. நாலாம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஆடின, ஒன்று மூடிக்கொண்டிருக்க மற்றது திறக்க ஆரம்பித்தது. இதுதான் சுற்று. டிரைவை இறக்கினேன். ஒரு மணி.

பாயிண்ட் இடைவெளி 15 தவ். பிறகு பல்பு. ஒரு வயர் டிஸ்ட்ரிபியூட்டர் முனையில், இன்னொன்று பாடியில், சாவியை ஆன் செய்து, புல்லியை ஐந்து டிகிரி முள்ளுக்குக் கொண்டுவந்தேன். தாண்டிவிட்டால் பின்னால் தள்ளி அங்கேயே நிறுத்தக் கூடாது, செயின் தொய்வு ஏமாற்றும். கால் சுற்றுப் பின்னால் போய் மறுபடி முன்னாலேயே வர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பைத் திருப்பினேன். பாயிண்ட் விலகியதும் பல்பு எரிந்தது.

"எரிஞ்சிருச்சு" என்றார் மாமா, நான் சொல்வதற்கு முன்னால். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார்.

ஜூலை 12, சனி

1-3-4-2, பிளக்குகளில் பொறி விழும் வரிசை. ஓடியது. ஆயில் லைட் அணைந்தது.

மாமா ஒன்றும் பேசவில்லை. பானட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். மத்தியானச் சொட்டு மருந்தை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

ஜூலை 13, ஞாயிறு

மேம்பாலம் ஏற்றிப் பார்த்தேன். மூன்றாம் கியரில் மிதித்தால் சிலுசிலுவென்று ஒரு தட்டல். பின்சீட்டிலிருந்து மாமா, "கொஞ்சம் பின்னால வாங்கு" என்றார். இறங்கி, டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பை நூல் அளவு இடஞ்சுழியாகத் திருப்பினேன். ரோட்டார் சுற்றும் பக்கமே திருப்பினால் ரிடார்டு, பொறி தாமதமாக விழும். மறுபடி ஏற்றினேன், தட்டல் இல்லை. இறங்கும்போது வேறேதோ ஒரு சத்தம், முன்பக்கம், கவருக்குள்.

செயினாக இருக்காது. நானே இரண்டு தடவை பார்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

பால் பாத்திரம் மாமா மடியில். 4.10-க்குக் கிளப்பினேன், முதல் இழுப்பிலேயே பிடித்தது. பழைய வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தோம். புது வீட்டுத் தெருவில் வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். மூன்று பழுப்பு. இரண்டாவது மட்டும் கறுப்பு. சாயங்காலம் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்