தீவாந்தரம் போன பூட்டன்

8 ஜூன் 2025, களுவாஞ்சிக்குடி

அம்மம்மா வெற்றிலை வைக்கும் தட்டத்தை, எங்கள் பேச்சில் வட்டாவை, புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தேன். விளிம்பில் ஒரு நெளிவு. பெருவிரல் அதில் சரியாகப் போய் உட்காரும். தட்டி நேராக்கப் பார்த்தேன்.

"நிமித்தாத மனே. அது அந்த மனிசன் இருக்கக்குள்ளயே நெளிஞ்சது."

எந்த மனிசன்? கப்பலேற்றிய பூட்டன். சின்ன வயதில் ஒரு வரி மட்டும் கேட்டிருக்கிறேன்: மாடு களவெடுத்தான் என்று வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிப்போட்டான். இன்றைக்குத்தான் முறையைச் சரியாகக் கேட்டு எழுதினேன். அம்மம்மாவின் அம்மம்மாவுக்கு ஓர் அம்மம்மா, அவளுடைய புருஷன். எங்கள் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழியில் வருவதால் பெண்களின் வரிசை ஒருவர் விடுபடாமல் அம்மம்மாவின் வாயில் நிற்கிறது. கட்டிக்கொண்டு வந்த ஆண்கள் வேறு குடி. அவர்கள் பெயர் இரண்டு தலைமுறையில் உதிர்ந்துபோகும். இந்த ஆளின் பெயர் மட்டும் உதிரவில்லை, அவருடைய தகப்பன் பெயரும்கூட. இரண்டையும் என் காதுக்குள் சொன்னார். வெளியில் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். அதனால் இங்கே எழுதவில்லை.

அந்தப் பெண் சாகும்வரை தாலியைக் கழற்றவில்லையாம், பொட்டும் அழிக்கவில்லையாம். சாவுச் செய்தி வரவில்லையே! கலியாண வீடுகளில் அவளை முன்னுக்குக் கூப்பிடுவதா விடுவதா என்று ஊருக்குத் தெரியாது. அவளாகவே போய் அடுப்படியில் இருந்துகொள்வாளாம்.

9 ஜூன்

தீவாந்தர சிட்சை. கடல் கடந்த இடத்துக்குக் கைதியாக அனுப்பும் தண்டனைக்குப் பழைய தமிழில் அதுதான் பெயர். தீவாந்தரம் என்றதும் எனக்கு அந்தமான்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் அங்கே கைதிகளை நிரந்தரமாகக் கொண்டுபோய் வைக்கத் தொடங்கியது 1858இல். அம்மம்மா சொல்லும் தலைமுறைக் கணக்குக்கு அது பிந்திவிட்டது. கண்டிப் பிரதானி எஹெலேபொலவை வெள்ளைக்காரன் 1825இல் அனுப்பியது மொரீசியஸுக்கு. வெள்ளைக்காரனுக்கு எதிரான 1848 கலகத்தில் பிடிபட்ட தலைவர் கொங்காலேகொட பண்டாவுக்குத் தூக்கைக் குறைத்து, 100 கசையடி கொடுத்து, இன்றைய மலேசியாவில் இருக்கும் மலாக்காவுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமே அங்கே செத்துப்போனார். மலாக்கா என்றால் காலம் ஒத்துவருகிறது.

17 ஜூன், மட்டக்களப்பு

கோட்டைக்குப் போனேன். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்தே வருஷத்தில் ஒல்லாந்தரிடம் இழந்த கோட்டை. ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். "அவ்வளவு பழசு இங்கே இல்லை" என்றார்கள், கேட்டு முடிக்கவும் விடவில்லை. வாவிப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். மறியலில், அதாவது சிறையில், இருந்தவர்களை இந்தத் தண்ணீர் வழியாகத்தான் கொண்டுபோயிருப்பார்களோ?

வீட்டிலும் கடதாசி ஒன்றும் இல்லை. இருந்த ட்ரங்குப் பெட்டி 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு போய்விட்டது. வட்டா மட்டும் கிணற்றடியில் கிடந்து தப்பியது.

26 ஜூன், கொழும்பு

தேசிய சுவடிகள் காப்பகத்தில் மூன்றாம் நாள். முதல் இரண்டு நாளும் வீண், ஏனென்றால் தமிழ்ப் பெயரை நான் எழுதுகிற மாதிரியே தேடினேன். அந்தக் காலத்து எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி எழுதினார். தம்பிப்பிள்ளை என்ற பெயரை எடுத்துக்கொண்டால் ஒரு பக்கத்தில் தாம்பிபுல்லே, அடுத்த பக்கத்தில் டம்பாபிள்ளே. அப்புறம் வழியை மாற்றினேன். பெயரை விட்டுவிட்டு மட்டக்களப்பு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போனேன்.

பின்னேரம் மூன்றரை மணிக்குக் கிடைத்தார்.

பழைய மை தாளை அரித்திருக்கிறது. சில இடங்களில் எழுத்து இல்லை, எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை. ஓட்டைக்குள்ளால் அடுத்த பக்கம் தெரிகிறது. அவருடைய பெயரின் முதல் எழுத்து அப்படி ஓர் ஓட்டை. மீதிப் பெயர் இருக்கிறது, தகப்பன் பெயர் அம்மம்மா சொன்ன அதே பெயர். மட்டக்களப்பு. மாட்டுக் களவு. மலாக்கா. ஏழு வருஷம்.

பென்சிலால் எழுதிக்கொண்டேன். கை நடுங்கியதில் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது.

27 ஜூன், இரவு ரயிலில்

ஏழு வருஷம்தான். வீட்டில் எல்லோரும் ஆயுள் முழுக்க என்றல்லவா நம்பியிருந்தோம்.

5 ஜூலை

கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறேன். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றிலும் தெரு வெட்டியது, சதுப்பு நிரப்பியது, கல் உடைத்தது பெரும்பாலும் இந்தியக் கைதிகள். சிங்கப்பூர் புனித அந்திரேயா பேராலயத்தை 1856 முதல் கட்டியவர்களும் அவர்கள்தான். சுவருக்குப் பூசிய சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, காய்ந்த பிறகு கல்லால் மினுக்கினார்களாம். அது நம் பக்கத்துக் கை என்று வாசிக்கும்போதே தெரிகிறது. நல்லபடி நடந்தவர்களுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்து வெளியில் பிழைக்க விட்டார்கள். தண்டனை முடிந்தும் திரும்பாமல் அங்கேயே குடும்பமானவர்கள் நிறையப் பேர்.

ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள் கைதிகளுக்கு நெற்றியில் பச்சை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். 1849இல்தான் அதை நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் மாட்டுக்குக் குறி சுடுவோம். குறியைப் பார்த்து எந்தக் குடியின் மாடு என்று சொல்லிவிடலாம். குறி மாறிய மாட்டை வைத்திருந்ததற்காகப் போன ஆள், நெற்றியில் குறியோடு நின்ற மனிதர்களுக்குப் பக்கத்தில் நின்று கல் உடைத்திருப்பார்.

களவெடுத்தாரா? எடுத்திருக்கலாம். அவரை நல்லவராக்க நான் தேடவில்லை. ஒரு மாட்டுக்கு ஒரு கடல் என்பது அநியாயம், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

13 ஜூலை, களுவாஞ்சிக்குடி

அம்மம்மாவிடம் சொன்னேன். பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"ஏழு வருசமா? அப்ப வந்திருக்கலாமே மனே."

நான் ஒன்றும் பேசவில்லை. செத்திருக்கலாம், கப்பல் காசு இல்லாமல் நின்றிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அங்க ஒருத்தியக் கட்டியிருப்பான்" என்று அவரே முடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கட்டினா என்ன, சோறாவது தின்டிருப்பான்" என்றார்.

பிறகு வட்டாவை மடியில் வைத்து அந்த நெளிவைத் தடவிக்கொண்டே, அவருக்கு இதுவரை யாரும் பிதிர்க்கடன் செய்ததில்லை என்றார். செத்த நாள் தெரியாது. பெண்சாதி தாலியோடு இருக்கும்போது யார் எள் இறைப்பது? இந்த அமாவாசைக்கு மாமாவைச் செய்யச் சொல்லு என்றார். மாமா உடனே சம்மதித்தார். அவருக்கும் கண் கலங்கியது.

24 ஜூலை, ஆடி அமாவாசை, அமிர்தகழி

மாமாங்கேஸ்வரர் தீர்த்தம். குளக்கட்டு முழுக்கச் சனம். அம்மம்மாவைக் காலை ஐந்து மணிக்கே முச்சக்கர வண்டியில் கூட்டிவந்து, கரையில் ஒரு கதிரை போட்டு இருத்தினோம். மடியில் வட்டா, அதில் வெற்றிலையும் எள்ளும்.

மாமா நனைந்த வேட்டியோடு ஐயருக்கு முன்னால் இருந்தார். தன் தகப்பன் பெயரைச் சொன்னார், தாத்தா பெயரைச் சொன்னார். இன்னும் ஒரு பெயர் இருக்கிறது என்றார்.

"சொல்லுங்கோ."

மாமா மெல்லச் சொன்னார். ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஐயருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் கேட்டார்.

பின்னால் கதிரையில் இருந்து அம்மம்மா உரத்துச் சொன்னார்.