யார் சொன்னது, எந்தப் பக்கம்?

கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருக்கிறேன். சம்பளம் தருவது அந்த வேலை. சம்பளம் இல்லாத இன்னொரு வேலையும் உண்டு: தமிழ் விக்கிப்பீடியாவில் மலேசியா தொடர்பான கட்டுரைகளைப் பார்த்துத் திருத்துவது. பகலில் நிருபரிடம் கேட்கும் கேள்வியையே இரவில் முகம் தெரியாத பயனரிடமும் கேட்கிறேன். இதை யார் சொன்னது?

இரண்டு இடத்திலும் இருப்பதால் ஒரு வேடிக்கை கண்ணில் படும். பக்கம் முடிக்கிற அவசரத்தில், கோயில் கட்டிய ஆண்டையோ பிரமுகர் பிறந்த ஆண்டையோ நிருபர் விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்துப் போட்டுவிடுவார். கொஞ்ச நாளில் அந்தச் செய்தியையே யாராவது விக்கிப்பீடியாவில் ஆதாரமாகக் காட்டுவார். பாம்பு தன் வாலைக் கடித்த கதைதான். அதனால், எந்த இதழில் வந்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. கட்டுரையில் அந்த வரி சேர்வதற்கு முன்னால் வந்த செய்தியா, பின்னால் வந்த செய்தியா என்றும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதியும் நேரமும் பக்க வரலாற்றில் இருக்கின்றன. புரட்டிப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

சில கட்டுரைகளுக்கு ஆதாரப் பஞ்சமே கிடையாது. பத்துமலையின் 272 படிகளுக்கும், 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலைக்கும் வேண்டிய மட்டும் செய்திகள் கிடைக்கும். அங்கே வரும் சண்டை வேறு மாதிரி. 2022இல் சேலம் மாவட்டத்தில் முத்துமலை முருகன் சிலை 146 அடி உயரத்தில் எழுந்துவிட்டது. பத்துமலைச் சிலை 140 அடி. ஆனாலும் ‘உலகிலேயே உயரமான முருகன்’ என்று பழைய செய்தி இணைப்போடு மாற்றிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் அது உண்மைதான். இன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

டத்தோ, டான் ஸ்ரீ பட்டங்களோடு வரும் வாழ்க்கைக் குறிப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ‘சமுதாயக் காவலர்’ என்று முதல் வரி தொடங்கினால், எழுதியவர் அவருடைய உதவியாளர் என்று புரிந்துவிடும். பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் அதை அறிவிக்க வேண்டும் என்று விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகள் 2014 முதல் சொல்கின்றன. அப்படி அறிவித்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

என்னை அதிக நாள் யோசிக்க வைத்தது ஒரு தோட்டத்தின் கதை.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பேராக்கில் தாம் பிறந்த ரப்பர் தோட்டத்தைப் பற்றி நீளமாக எழுதினார். பள்ளி எப்போது தொடங்கியது, கோயிலுக்கு யார் முன்னின்றார்கள், ஜப்பான்காரன் காலத்தில் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு எத்தனை பேரைக் கொண்டுபோனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்றெல்லாம் இருந்தது. ஆதாரம் ஒன்றுகூட இல்லை. ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைக் கண்காணிக்கும் ஓர் இளைஞர் முக்கால்வாசியை ஒரே சொடுக்கில் நீக்கினார். “கூகுளில் தேடினேன், இல்லை” என்று காரணமும் எழுதினார். பெரியவர் திரும்பப் போட்டார். இளைஞர் திரும்ப நீக்கினார். கடைசியில் பெரியவர் பேச்சுப் பக்கத்துக்கு வந்து, “வாழ்நாள் முழுக்க வாத்தியார் வேலை பார்த்தவன் நான். பொய் சொல்கிறேன் என்கிறீர்களா?” என்று கேட்டார்.

நீக்கியதில் நியாயம் இருந்தது. சொன்ன காரணத்தில் இல்லை. சரிபார்க்க முடிய வேண்டும் என்பதுதான் விதி. இணையத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இதழின் பெயர், தேதி, பக்க எண் இருந்தால் போதும். மலேசியத் தமிழருக்கு இது சின்ன விஷயம் இல்லை. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுபோனது. அத்தனை வருஷ இதழ்களையும் தேடுபொறியில் தட்டி எடுத்துவிட முடியுமா? கூகுளை வாசற்படியாக வைத்தால் எங்கள் தாத்தா பாட்டிகளில் முக்கால்வாசிப் பேர் உள்ளேயே வர முடியாது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தை மூன்று தடவைக்கு மேல் மீளமைத்தால், அதாவது மற்றவர் செய்த மாற்றத்தை அழித்துப் பழையபடி ஆக்கினால், தடை விழலாம். தமிழில் ஆட்கள் குறைவு. தடை என்ற பேச்சை எடுத்தாலே பெரியவர் போய்விடுவார், இளைஞரும் ஒதுங்கிவிடுவார். எனவே இருவருக்கும் தனித்தனியே எழுதினேன். பெரியவரிடம், “ஐயா, பொய் என்று யாரும் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு மாணவர் இதைப் படித்தால் எங்கே போய்ச் சரிபார்ப்பார்?” என்று கேட்டேன். “அது சரி தம்பி, கேட்கிற முறை என்று ஒன்று இருக்கிறதில்லையா?” என்றார். அதற்கு என்னிடம் மறுபேச்சு இல்லை.

இளைஞரிடம், முதலில் ‘சான்று தேவை’ குறியைப் போட்டுவிட்டுச் சில வாரம் பொறுக்கலாமே என்றேன். உயிரோடிருப்பவர்மீது ஆதாரமில்லாத பழி என்றால்தான் பொறுக்கக் கூடாது. 2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகெந்தாலரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப்போட்ட பொய் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. தோட்டத்துக் கோயிலுக்கு அந்த அவசரம் எதற்கு?

பிறகு தேடத் தொடங்கினோம். பள்ளியின் பொன்விழா மலர் பெரியவர் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. பள்ளி தன்னைப் பற்றித் தானே வெளியிட்டது என்பதால் தொடங்கிய ஆண்டுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். ‘மாநிலத்திலேயே சிறந்த பள்ளி’ என்பதற்கு எடுக்க முடியாது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் பழைய மலாயா நாளிதழ்களும் தமிழ் முரசும் கிடைக்கின்றன. புதுக் கட்டடம் திறந்த சிறு செய்தி அங்கே அகப்பட்டது. கோயில் கும்பாபிஷேக மலரைத்தான் எங்கும் காணவில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சிட்டவற்றின் படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆனால் திருவிழா அவசரத்தில் மலர் போடுகிறவர்கள் அந்த நூலகம் இருக்கும் ஜாலான் துன் ரசாக் வரைக்கும் எங்கே நினைப்பார்கள்?

மிச்சமிருந்தது சயாம் கணக்கு. 1942–43இல் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்களின் மொத்த எண்ணிக்கையே நூலுக்கு நூல் மாறுகிறது. ஒரே ஒரு தோட்டத்தின் கணக்குக்கு எங்கே போவது? பெரியவரிடம் இருந்தது அப்பா சொன்ன எண். அதை அப்படியே கலைக்களஞ்சியத்தில் ஏற்ற முடியாது. “முதலில் உங்கள் பெயரில் எழுதுங்கள் ஐயா” என்றேன். எழுதினார். எங்கள் ஞாயிறு மலரில் வந்தது, பக்கத்தை நான்தான் பார்த்தேன்.

அதனால் அதை விக்கிப்பீடியாவில் நான் சேர்க்கவில்லை. என் வேலை இன்னது என்று பேச்சுப் பக்கத்தில் சொல்லிவிட்டு ஒதுங்கினேன். சேர்த்தவர் முன்பு நீக்கிய அதே இளைஞர். எண்ணை உண்மையென்று எழுதாமல், தந்தை சொன்னதாக முன்னாள் தலைமையாசிரியர் ஒருவர் நினைவுகூர்கிறார் என்று எழுதினார். இன்னொரு பயனர் விடவில்லை. ஒருவருடைய நினைவு அச்சில் ஏறிவிட்டால் ஆதாரமாகிவிடுமா என்று தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ‘ஆலமரத்தடி’யில் கேட்டார். நல்ல கேள்வி. சொன்னவர் யார் என்று தெரிகிறபடி எழுதியிருப்பதால் வரி இருக்கட்டும் என்பது என் எண்ணம். ஆனால் அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. வாதம் இன்னும் ஓடுகிறது.

பெரியவர் இப்போது அடிக்குறிப்பு இல்லாமல் ஒரு வரி எழுதுவதில்லை. அதோடு விட்டாரா? எங்கள் அலுவலகத்துக்கே போன் போட்டு, “நேற்று ஏழாம் பக்கத்தில் அந்த வருஷத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்?” என்று விசாரிக்கிறார். நிருபர்கள் போனை என் பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.