சொல்லாததும் வேண்டாம் என்றதும்

2010-இல் நான் வேலை பார்த்த சென்னை அலுவலகத்துக்குப் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து, சந்தா கட்டியவர்களுக்குப் பிடிஎஃப்பாகக் கொடுக்கும் தளம் ஒன்று இருந்தது. கோப்புகள் ஒவ்வொன்றும் பெரியவை. அவற்றை பிஎச்பி மொழியில் எழுதிய நிரல் வழியாக அனுப்பினால் சர்வர் திணறும். அதனால் பிஎச்பியின் வேலை சீட்டு எழுதிக் கொடுப்பதோடு சரி: கோப்பின் பாதை, சீட்டு எழுதிய நேரம், இரண்டுக்கும் சேர்த்து ஒரு கையொப்பம். லிங்க்கின் வாலில் அது ஒட்டியிருக்கும். அதைச் சரிபார்த்துக் கோப்பை விடுவதற்கு, எங்கள் வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சிக்குள்ளேயே ஒரு மாட்யூல் (செருகு நிரல்) வேண்டும் என்று முடிவாகி, வேலை என்னிடம் வந்தது. அந்த அறையில் சி மொழி தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேறு தகுதி எதுவும் இல்லை.

அப்பாச்சி 2.2 காலம் அது. ஒரு ரிக்வெஸ்ட் உள்ளே வந்தால் பல கட்டங்களைத் தாண்டிப் போகும். யூஆர்எல்லைக் கோப்புப் பாதையாக மாற்ற வேண்டும், அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும், வந்தவர் யார் என்று கேட்க வேண்டும், பதில் அனுப்ப வேண்டும், கடைசியில் லாக் எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கொக்கி தொங்கும்; நம் ஃபங்ஷனை அதில் மாட்டிவிடலாம். நான் அனுமதி பார்க்கும் கொக்கியில் மாட்டினேன். சீட்டு தப்பு என்றால் 403, அதாவது "அனுமதி இல்லை". நமக்குச் சம்பந்தமில்லாத கோப்பு என்றால் 'டிக்ளைன்ட்', அதாவது "இது என் சீட் இல்லை, அடுத்த டேபிளில் கேளுங்கள்". தாலுகா ஆபீஸ் போய் வந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கம்பைல் செய்து, உரிய இடத்தில் வைத்து, கான்ஃபிக்கில் (சர்வரின் அமைப்புக் கோப்பில்) லோட்மாட்யூல் வரியையும் சேர்த்துத் தர ஏபிஎக்ஸ்எஸ் என்ற கருவி இருந்ததால் அந்தப் பாடு இல்லை. ஒரே ஒரு நாள் குழம்பினேன்: நான் எழுதிய தொடக்க ஃபங்ஷன் சர்வர் கிளம்பும்போது இரண்டு தடவை ஓடியது. அப்பாச்சி தன் கான்ஃபிக்கை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கிளம்பும் என்று அப்புறம்தான் தெரிந்தது. மற்றபடி இரண்டு வாரத்தில் மாட்யூல் தயார். அதற்கு இரண்டே டைரக்டிவ், அதாவது கான்ஃபிக்கில் எழுதும் கட்டளை. ஒன்று 'சீட்டுசெக்', ஆன் அல்லது ஆஃப். இன்னொன்று 'சீட்டுநேரம்', சீட்டு எத்தனை வினாடி செல்லும் என்பதற்கு. மேல் டைரக்டரியில் ஆன், 600 என்று போட்டோம். உள்ளே இருந்த ஆண்டு வாரியான டைரக்டரிகளுக்கெல்லாம் அது தானாக இறங்கியது. ஐந்து மாதம் ஒரு புகார் இல்லை.

புகார் வந்தது தீபாவளி மலர்களிலிருந்து. மலர் என்றால் கனமான கோப்பு. டவுன்லோடு பாதியில் அறுந்து, சந்தாதாரர் மறுபடி தொடர்வதற்குள் பத்து நிமிடம் முடிந்து 403 வந்துவிடும். ஆபரேஷன்ஸில் இருந்த மூத்தவர் ஒருவர் (நாங்கள் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம்) அந்த டைரக்டரிக்கு மட்டும் கான்ஃபிக்கில் தனி பிளாக் (பகுதி) திறந்து, 'சீட்டுநேரம் 3600' என்று ஒரே ஒரு வரி எழுதினார். கான்ஃபிக் டெஸ்ட் போட்டார். 'சின்டாக்ஸ் ஓகே' என்று வந்தது. கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஒன்பது நாள் கழித்து, சந்தா கணக்குப் பார்க்கும் பெண் ஒருவர் எதையோ தேடப்போய், எங்கள் மலர் ஒன்று தேடல் முடிவில் நேராகவே திறப்பதைக் கண்டுபிடித்தார். யாரோ ஒரு சந்தாதாரர் தன் லிங்க்கை வலைப்பூவில் ஒட்டியிருந்தார். வழக்கமாக அது பத்து நிமிடத்தில் செத்துப்போகும். இந்த முறை சாகவில்லை. தேடுபொறியின் ரோபோ வந்து நிதானமாகப் படித்துவிட்டுப் போயிருந்தது. மலர் டைரக்டரியில் சீட்டே இல்லாமல் எதைக் கேட்டாலும் கிடைத்தது.

"தம்பி, நான் நேரத்தைத்தான் மாத்தினேன். பூட்டைத் தொடவே இல்லையே" என்றார் சார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் ஒரு மணி நேரம் கையொப்பம் சரிபார்க்கும் பகுதியைத் தோண்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒன்றும் இல்லை. கடைசியில் லாகில் மதிப்புகளை அச்சடித்துப் பார்த்தபோது, அந்த டைரக்டரிக்கு நேரம் 3600, செக் 0 என்று வந்தது.

நடந்தது இதுதான். ஒரு பிளாக்கில் நம் மாட்யூலின் டைரக்டிவ் ஒன்றுகூட இல்லையென்றால், அப்பாச்சி மேலே உள்ள அமைப்பை அப்படியே கீழே இறக்கிவிடும். ஒரே ஒரு வரி இருந்தால்கூட அந்த பிளாக்குக்கென்று புதிதாக ஒரு அமைப்பு பிறக்கும். மேலே உள்ளதையும் புதியதையும் எப்படிச் சேர்ப்பது என்று மாட்யூல் எழுதியவன்தான் ஒரு மெர்ஜ் ஃபங்ஷனில் சொல்ல வேண்டும். நான் அந்த இடத்தில் 'நல்', அதாவது ஒன்றுமில்லை, என்று விட்டிருந்தேன். சொல்லாவிட்டால் புதியதே முழுசாக நிற்கும். புதியதன் நினைவகத்தை நான் எடுத்தது பூஜ்யம் நிரப்பித் தரும் ஃபங்ஷனில். பூஜ்யம் என்றால் என் அகராதியில் ஆஃப். ஆக, பூட்டைப் பற்றி சார் ஒன்றுமே சொல்லவில்லை. என் மாட்யூல் அதை "பூட்டு வேண்டாம் என்கிறார்" என்று எடுத்துக்கொண்டது. ஐந்து மாதமாக எல்லாம் சரியாக ஓடியதுகூட, பூட்ட வேண்டிய எந்த டைரக்டரிக்கும் கீழே யாரும் தனியாக ஒரு வரியும் எழுதவில்லை என்பதால்தான்.

இரவு பதினோரு மணிக்கு அவசரமாக ஒரு மெர்ஜ் எழுதினேன்: புதியது பூஜ்யமாக இருந்தால் பழையதை எடுத்துக்கொள். மலர்கள் பூட்டிக்கொண்டன. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால், இலவச மாதிரிப் பக்கங்கள் எல்லாம் 403. அந்த டைரக்டரிக்கு 'சீட்டுசெக் ஆஃப்' என்று தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனால் ஆஃப் என்பதும் பூஜ்யம்தானே. முதல் நாள் சொல்லாததை மறுப்பு என்று படித்த மாட்யூல், மறுநாள் மறுப்பைச் சொல்லாதது என்று படித்தது. இரண்டும் நான் எழுதியதுதான்.

மூன்றாவதாக ஒரு மதிப்பு வேண்டியிருந்தது. பிறக்கும்போது -1 என்று வைத்தேன். யாராவது வாய் திறந்து சொன்னால்தான் 0 அல்லது 1. மெர்ஜில் -1 இருந்தால் மட்டும் மேலே பார். ஆறு வரி மாற்றம். அப்புறம் அப்பாச்சியின் சொந்த மாட்யூல்களைத் திறந்து பார்த்தால், மாட்_எக்ஸ்பயர்ஸில் ஆன் 1, ஆஃப் 0, 'டோன்ட்கேர்' 2 என்று கோப்பின் மேற்பகுதியிலேயே இருக்கிறது. திறந்த மூலம் என்று பெருமை பேசுகிறோம். மாட்டிக்கொண்ட பிறகுதான் திறந்து பார்க்கிறோம்.

பின்னாளில் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வருக்கு மாறினேன். அங்கே 'அன்செட்' (யாரும் சொல்லவில்லை) என்ற மதிப்பும், அதைப் பார்த்துச் சேர்க்கும் மேக்ரோவும் தயாராகவே உண்டு. அதற்காக எல்லாம் சுகம் என்று இல்லை. சர்வர் மட்டத்தில் நாலு பாதுகாப்பு ஹெடர்களை (பதிலோடு சேர்ந்து போகும் குறிப்பு வரிகளை) ஆட்ஹெடர் என்ற டைரக்டிவால் போட்டுவிட்டு, ஒரு லொகேஷனுக்குள் (குறிப்பிட்ட யூஆர்எல்களுக்கான பிளாக்குக்குள்) கேஷுக்காக இன்னொரு ஆட்ஹெடர் எழுதுங்கள். வழக்கமான அமைப்பில் மேலே உள்ள நாலும் அந்த லொகேஷனில் வராது. கையேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, தப்பு சொல்ல முடியாது. எனக்கென்னவோ முதல் முறை அதைப் பார்த்தபோது தீபாவளி மலர்தான் ஞாபகம் வந்தது.

மாட்யூல் சரியான பிறகும் சார் அதை நம்பவில்லை. எந்த பிளாக்கைத் திறந்தாலும், நேரத்தை மாற்றுகிறாரோ இல்லையோ, முதல் வரியாக 'சீட்டுசெக் ஆன்' என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார். "இனிமே அது தேவையில்லை சார், சரி பண்ணிட்டேன்" என்று ஒருமுறை சொன்னேன். "இருக்கட்டும் தம்பி" என்றார். 2013-இல் நான் அங்கிருந்து விலகியபோது அந்த கான்ஃபிக்கில் பதினேழு இடத்தில் அந்த வரி இருந்தது. ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை.