சேகோ ஆலைக்கு அடக்கக் கணக்கு: மூன்று தடவை திரும்பி வந்த ஃபைல்

நடைமுறை மூலதனக் கடனைக் கூட்டிக் கேட்டுப் போட்ட விண்ணப்பம் கடைசியில் ஏறிவிட்டது. அதற்குள் ஃபைல் மூன்று தடவை திரும்பி வந்தது. மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலை ஆத்தூர்ப் பக்கம், வங்கியின் கடன் பிரிவு சேலத்தில். ஒவ்வொரு தடவையும் அரை நாளுக்கு மேல் போய்விடும், அதுவும் கிழங்கு லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கிற சீசனில். திருப்பி அனுப்பியதற்கு எழுத்தில் ஒரு காரணமும் தரவில்லை. "செலவைப் பிரிச்சுக் கொண்டாங்க சார்" என்பதோடு சரி. எந்தச் செலவை, எப்படி, எதை வைத்துப் பிரிப்பது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

இதே வேலையில் இருப்பவர்கள் அலைய வேண்டாம் என்பதற்காக, தப்பு நடந்த இடங்களை எண்களோடு எழுதுகிறேன். கணக்குப் பார்க்க வசதியாக எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன். தப்பு நடந்த விதம் அப்படியேதான்.

உத்யம் சான்று (சிறுதொழில் பதிவு), ஜிஎஸ்டி ரிட்டர்ன், மூன்று வருட பேலன்ஸ் ஷீட் எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. மாட்டிக்கொண்டது சிஎம்ஏ டேட்டாவின் (கடன் கேட்பவர் வங்கிக்குத் தரும் நிதிக்கணக்குப் படிவங்கள்) இரண்டாம் படிவத்திலும், அதோடு கேட்ட பிரேக் ஈவன் கணக்கிலும் (லாபமும் நட்டமும் இல்லாமல் நிற்க எத்தனை மூட்டை விற்க வேண்டும் என்பது). அந்தப் படிவம் மூலப்பொருள், மின்சாரம், கூலி, தேய்மானம், வட்டி என்று தலைப்புவாரியாகத்தான் செலவைக் கேட்கும். எது நிலையானது, எது உற்பத்தியோடு ஏறி இறங்குவது என்று அதில் இருக்காது. பிரேக் ஈவனுக்கு அந்த இரண்டாவது பிரிப்புதான் வேண்டும். நேரடிச் செலவு என்றாலே மாறும் செலவு, மறைமுகச் செலவு என்றாலே நிலையான செலவு என்று எடுத்துக்கொண்டால் முதல் அடியே சறுக்கல். மாதச் சம்பளத்தில் இருக்கும் வறுவல் ஆள் நேரடிக் கூலியில் வருவார், ஆனால் அவர் சம்பளம் நிலையானது. கிழங்கைத் துருவி அரைக்கும் ராஸ்பர் பிளேடு மறைமுகச் செலவு, ஆனால் அரைக்கிற டன்னுக்கு ஏற்பத் தேயும்.

சீசன் மாதத்தில் 450 டன் கிழங்கு அரைக்கிறோம் என்று வையுங்கள். கண்டுமுதல் 20 சதவீதம் என்றால் 90 டன் ஜவ்வரிசி, அதாவது 90 கிலோ மூட்டையில் 1,000 மூட்டை. கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் இதுதான் அடிப்படை.

முதல் தடவை திரும்பி வந்தது மின்சாரத்தால். மின்கட்டணத்தில் ஒரு பகுதி நிலையானது, ஒரு பகுதி மாறுவது. டிமாண்ட் சார்ஜ் ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும், யூனிட் கட்டணம் ஓட்டத்துக்கு ஏற்ப வரும். இரண்டையும் பிரிக்க, அதிகம் அரைத்த மாதத்தையும் குறைவாக அரைத்த மாதத்தையும் எடுத்து வித்தியாசம் பார்ப்பது வழக்கம். 450 டன் அரைத்த மாதத்துக்கு 2,85,000 ரூபாய், 150 டன் அரைத்த மாதத்துக்கு 1,35,000 ரூபாய். 300 டன் வித்தியாசத்துக்கு 1,50,000 என்றால் டன்னுக்கு 500 ரூபாய் மாறும் செலவு. 450 டன்னுக்கு 2,25,000 போக மீதி 60,000 நிலையானது. 150 டன்னிலும் வைத்துப் பாருங்கள்: 75,000 போக அதே 60,000 வரும்.

இந்த எளிய கணக்கு எங்கே கெட்டது என்றால், எண்களைப் பில்லிலிருந்து எடுக்காமல் பாஸ்புக்கிலிருந்து எடுத்ததில். அந்தப் பெரிய மாதத்துக்கு வங்கிக் கணக்கிலிருந்து போனது 3,45,000. அதில் 60,000 மின்வாரியம் கேட்ட கூடுதல் டெபாசிட். அது செலவே இல்லை, நம் சொத்து. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டதில் டன்னுக்கு 700 ரூபாய் என்றும், நிலையானது 30,000 என்றும் வந்தது. ஒன்று ஏறிவிட்டது, இன்னொன்று பாதியாகிவிட்டது. வங்கியில் பில் நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்து ஃபைலை மூடிவிட்டார். எந்த எண் இடிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே திருத்தியிருக்கலாம்.

பாஸ்புக்கில் இன்னொரு வம்பும் உண்டு. ஜனவரி ஓட்டத்துக்கான பணம் பிப்ரவரியில்தான் போகும். பிப்ரவரி டன்னையும் ஜனவரி பில்லையும் ஜோடி சேர்த்தால் என்ன வாய்ப்பாடு போட்டாலும் விடை குப்பைதான். பில்லில் இருக்கும் ரீடிங் தேதியைப் பார்த்து, அந்தத் தேதிகளுக்குள் எத்தனை டன் அரைத்தோம் என்று எடைமேடைச் சீட்டிலிருந்து கூட்டிக்கொள்ளுங்கள். மாதத்தைத் தேர்வு செய்வதும் டன்னை வைத்துத்தான், பில் தொகையை வைத்து இல்லை. பவர் ஃபேக்டர் அபராதம், தாமதக் கட்டணம் இருந்தால் முதலிலேயே கழித்துவிட வேண்டும். அபராதம் அடக்கத்தில் சேராது. ஜெனரேட்டர் டீசலைத் தனியாக வையுங்கள். அது டன்னோடு நடக்காது, கரண்ட் போன மணிக்கணக்கோடு நடக்கும்.

அந்த 60,000த்தை அப்படியே 12ஆல் பெருக்கவும் கூடாது. அது 150 டன்னுக்கும் 450 டன்னுக்கும் நடுவில் மட்டும் செல்லும் எண். ஆலை மூடியிருந்த மாதத்து பில் 48,000தான். ஆறு மாதம் 60,000, ஆறு மாதம் 48,000 என்று போட்டால் வருடத்துக்கு 6,48,000 வரும். மூடிய மாதத்தையே 'குறைந்த மாதம்' என்று எடுத்திருந்தால் டன்னுக்கு 527 ரூபாய் வரை ஏறியிருக்கும்.

மற்ற மாறும் செலவுகளை மூட்டைக்குப் பிரிப்பது சுலபம் என்றுதான் தோன்றும். கிழங்கு 450 கிலோ, கிலோ 7 ரூபாய் என்றால் 3,150. தோல் சீவுவது முதல் களத்தில் காயவைப்பது வரை துண்டுக்கூலி 300, மின்சாரம் 225, விறகு 100, சாக்கும் தையலும் 45, ஏற்றுக்கூலியும் விற்பனைச் செலவும் 80. மொத்தம் 3,900. இதிலிருந்து திப்பி (கிழங்குப் பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கை) விற்ற வரவு 100 கழித்தால் 3,800. திப்பியைப் 'பிற வருமானம்' என்று கீழே தள்ளிவிடுவது இங்கே பல ஆலைகளின் பழக்கம். லாபம் மாறாது, ஆனால் மூட்டையின் அடக்கம் 100 ரூபாய் கூடுதலாகத் தெரியும். உபபொருளின் வரவை, காயவைத்து ஏற்றும் செலவு போக, முக்கியப் பொருளின் அடக்கத்தில் கழிப்பதுதான் முறை.

கவனிக்க வேண்டியது, எது எதோடு நகர்கிறது என்பது. சாக்கு மூட்டையோடு நகரும். மின்சாரமும் சீவுகூலியும் கிழங்கு டன்னோடு நகரும். மழை கண்ட கிழங்கு, முற்றாத கிழங்கு வந்து கண்டுமுதல் 18 சதவீதமானால் அதே மூட்டைக்கு 500 கிலோ அரைக்க வேண்டும். பாயிண்ட் (கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவு) பார்த்து விலை பேசுவதால் கிழங்கு விலை இறங்கித் தரும். மின்சாரம் இறங்காது, 225 ரூபாய் 250 ஆகும், சீவுகூலியும் கூடும். 'மூட்டைக்கு இவ்வளவு கரண்ட்' என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு பாயிண்ட் குறைந்த கிழங்கை மலிவு என்று வாங்கினால் அடி இங்கேதான் விழும்.

கூலியில் ஒரு சின்ன ஓட்டை. கையில் கொடுத்த சம்பளத்தை மட்டும் எழுதாதீர்கள். பிடித்தம் போகுமுன் உள்ள மொத்தச் சம்பளம், அதன்மேல் நிறுவனம் கட்டும் பிஎஃப், 3.25 சதவீத இஎஸ்ஐ எல்லாம் சேர்ந்ததுதான் கூலிச் செலவு. அதேபோல், திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடிய ஜிஎஸ்டி அடக்கத்தில் வராது.

இரண்டாம் தடவைதான் மனசு விட்டுப்போனது. மின்சாரத்தைச் சரிசெய்து கொண்டுபோனால், "உங்க ஆலை கரையிலேயே நிக்குது, இதுக்கு எப்படிக் கூடுதல் கடன் லிமிட் தர்றது?" என்று கேட்டார்கள். விற்பனை விலை மூட்டைக்கு 4,500, மாறும் செலவு 3,800, மிச்சம் 700. வருட நிலையான செலவு 40 லட்சம் என்று போட்டிருந்தது. 40 லட்சத்தை 700ஆல் வகுத்தால் 5,714 மூட்டை. சீசனே ஆறு மாதத்துக்கு 6,000 மூட்டைதான். பார்க்கிறவர் பயப்படத்தான் செய்வார்.

தப்பு தவணையில் இருந்தது. இயந்திரக் கடனுக்கு வருடம் கட்டும் 14 லட்சத்தையும் அக்கவுண்டண்ட் நிலையான செலவில் சேர்த்திருந்தார். அதில் வட்டி 4 லட்சம், அசல் 10 லட்சம். அசல் திருப்புவது செலவு இல்லை, கடன் குறைகிறது, அவ்வளவுதான். இயந்திரத்தின் விலை தேய்மானமாக ஏற்கெனவே 6 லட்சம் கணக்கில் இருக்கிறது. ஒரே இயந்திரத்துக்கு இரண்டு தடவை செலவு எழுதியதாக ஆகிவிட்டது. சரியான பட்டியல்: மின்சாரத்தின் நிலையான பகுதி 6,48,000, மாதச் சம்பளம் 9,60,000, இன்சூரன்ஸ், லைசென்ஸ், பராமரிப்பு, அலுவலகச் செலவு 3,92,000, தேய்மானம் 6,00,000, வட்டி 4,00,000. மொத்தம் 30 லட்சம். பிரேக் ஈவன் 4,286 மூட்டை.

கடன் கொடுப்பவருக்கு அசல் திரும்புமா என்ற கவலை நியாயமானது. அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. கையை விட்டுப் பணம் போகாத தேய்மானம் 6 லட்சத்தைக் கழித்து, அசல் 10 லட்சத்தைக் கூட்டினால் 34 லட்சம். 700ஆல் வகுத்தால் 4,857 மூட்டை. இரண்டு எண்களையும் ஒரே தாளில், எது எதற்கு என்று தலைப்புப் போட்டுக் கொடுத்த பிறகுதான் மேசைக்கு அந்தப் பக்கம் பேச்சின் தொனியே மாறியது. கேட்காவிட்டாலும் இரண்டையும் கொடுங்கள்.

மூன்றாம் தடவை அடுத்த வருட மதிப்பீட்டுக்காகத் திரும்பியது. 6,000 மூட்டைக்கு நிலையான செலவு மூட்டைக்கு 500, ஆக அடக்கம் 4,300. அடுத்த வருடம் 7,200 மூட்டை என்றதும் 4,300ஐ 7,200ஆல் பெருக்கி எழுதியிருந்தது. நிலையான செலவு மொத்தத்தில் அசையாது, மூட்டைக்குப் பிரிக்கும்போதுதான் ஏறி இறங்கும். கூடுதல் 1,200 மூட்டைக்கும் 500 ரூபாய் வைத்ததில் 6 லட்சம் செலவு இல்லாத இடத்தில் முளைத்துவிட்டது. எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. 30 லட்சம் அப்படியே நிற்கும் என்று எழுதினால் அதுவும் பொய். 7,200 மூட்டை என்றால் மாதம் 540 டன். அதற்கு இரவு ஷிப்ட் மேஸ்திரி வேண்டும், காவலாள் வேண்டும், காயவைக்க இன்னொரு களம் வாடகைக்கு வேண்டும். மாதம் 50,000 வீதம் ஆறு மாதத்துக்கு 3 லட்சம் ஒரே படியாக ஏறும். இந்தப் படியைக் காட்டியதால்தான் மதிப்பீட்டை நம்பினார்கள் என்பது என் கணிப்பு. மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு தாங்குமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மார்ச் 31 சரக்கிருப்பில் ஒரு எச்சரிக்கை. விற்கும் விலையில் இருப்பைக் காட்டக் கூடாது. அடக்கமா, விற்றால் செலவு போகக் கைக்கு வருவதா, எது குறைவோ அதுதான். அடக்கத்தில் வட்டி, விற்பனைச் செலவு, அலுவலகச் செலவு சேராது. மாறும் செலவில் விற்பனைக்கான 80 போக 3,720. 30 லட்சத்தில் உற்பத்தி சார்ந்த நிலையான செலவு 24 லட்சம், வழக்கமான 6,000 மூட்டைக்கு மூட்டைக்கு 400. ஆக 4,120. இந்த வருடம் 5,000 மூட்டைதான் ஓட்டினோம் என்று 480 போட முடியாது. ஓட்டம் குறைந்ததன் சுமை அந்த வருடச் செலவு, இருப்பின் தலையில் ஏற்றக் கூடாது. மோட்டார் எரிந்து இரண்டு மூன்று நாள் நின்றதில் கிழங்கு 10 டன் அழுகினால் அந்த 70,000மும் அப்படித்தான், அசாதாரண நட்டம் என்று தனி வரியில் போகும். வழக்கமாகச் சிந்தும் தூளும் குருணையும் மட்டுமே அடக்கத்தோடு சேரும்.

இப்போது பில் வந்தவுடன் அதன் ஓரத்தில் ரீடிங் தேதிக்குள் அரைத்த டன்னைப் பேனாவால் எழுதி, எடைச்சீட்டுக் கட்டோடு சேர்த்துக் குத்தி வைக்கிறோம். லிமிட் புதுப்பிப்பில் மின்சாரக் கணக்குக்கு அந்தப் பன்னிரண்டு தாள் போதும்.