528 ரிங்கிட் வீட்டு வரி 384 ஆன கதை

புதிய மதிப்பீட்டு அறிவிப்பு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது வாங்கிய மலிவு விலை வீடு. அதன் ஆண்டு மதிப்பு 3,600 ரிங்கிட்டிலிருந்து 6,600க்கு ஏறியிருந்தது. எட்டு விழுக்காட்டில் 288 ரிங்கிட் வரி 528 ஆகிவிட்டது.

முதல் நடை வீண். நகராண்மைக் கழக முகப்பில் இருந்தவர் அறிவிப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நில அலுவலகத்துக்கு அனுப்பினார். நில வரி மாநில அரசுக்கு, வீட்டு வரி நகராண்மைக் கழகத்துக்கு. அங்கேயே வேலை செய்பவருக்கு இது தெரியாதா? அரை நாள் சம்பளம் போயிற்று.

கால்வாயில் அடைப்பு, தெருவிளக்கு எரிவதில்லை என்று இரண்டு பக்கம் ஆட்சேபக் கடிதம் எழுதி, தெருக்கோடியில் இருக்கும் ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி ஐயாவிடம் காட்டினேன். "தம்பி, இதற்காக ஒரு காசு குறைக்க மாட்டார்கள். மதிப்பு கூடுதல் என்று காட்டு" என்றார். 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 142ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. ஆட்சேபம் எழுத்தில் இருக்க வேண்டும்; மதிப்பீட்டுப் பட்டியலைத் திருத்தக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பே சேர வேண்டும்.

ஆண்டு மதிப்பு என்பது வீட்டுக்கு ஓராண்டில் கிடைக்கக்கூடிய வாடகை. எங்கள் வரிசையில் மாதம் 550 ரிங்கிட் யார் தருகிறார்கள்? பக்கத்து வீட்டு அக்கா 400க்குத்தான் விட்டிருக்கிறார். வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் கொடுத்தார். பதிவேட்டில் என் வீட்டுக்கு மூன்று அறை என்று இருந்தது. இருப்பது இரண்டு. படம் எடுத்து இணைத்தேன்.

கடிதத்தின் நகலில் முத்திரை குத்த மறுத்தார்கள். குத்தும்வரை நகரமாட்டேன் என்று நின்று வாங்கினேன். நீங்களும் வாங்காமல் திரும்பாதீர்கள். விசாரணையன்று "உங்கள் ஆட்சேபமே வரவில்லை" என்றார்கள். நீல முத்திரையும் தேதியும் தெரிய நகலை மேசையில் வைத்தேன். அதன்பிறகு கால் மணி நேரந்தான். மதிப்பு 4,800, வரி 384.

வரி கட்ட எனக்கு மறுப்பே இல்லை. குப்பை லோரிக்கும் கூலிக்கும் பணம் வேண்டும். ஆனால் ஊர் நுழைவாயிலில் விளக்கு வளைவு கட்டியவர்களுக்கு, ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் நீர் ஏற்றும் கால்வாய் ஏன் தெரியவில்லை? உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஓட்டுப் போட்டுக் கேட்க வழியில்லை, எழுதித்தான் கேட்க வேண்டும்.

பிப்ரவரி இறுதிக்குள் முதல் பாதி 192 ரிங்கிட்டைக் கட்டினேன். அன்றே, இவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் எங்கள் தெருக் கால்வாய்க்கு எவ்வளவு என்று கேட்டு இன்னொரு கடிதம் கொடுத்தேன். அதன் நகலிலும் முத்திரை இருக்கிறது.