பால்கனிக் கதவோரம் ஒரு தட்டு லெட்யூஸ் நாற்று

ஸ்கார்பரோவில் அடுக்குமாடி வீடு, தெற்குப் பார்த்த பால்கனி. டொரன்டோ பக்கம் மே நடுப்பகுதி வரைக்கும் உறைபனி பயம் உண்டு என்பதால் தக்காளியையும் மிளகாயையும் அதற்கு முன் வெளியே வைக்க முடியாது. சாலட்டில் போடும் கீரையான லெட்யூஸ் அப்படியில்லை. குளிருக்குப் பழக்கிய நாற்று லேசான உறைபனியைத் தாங்கிவிடும். மார்ச் தொடக்கத்தில் உள்ளே விதைத்து ஏப்ரல் கடைசியில் வெளியே நடலாம் என்று இந்த வருடம் இறங்கினேன்.

மார்ச் 2 அன்று பட்டர்கிரஞ்ச், ரெட் செயில்ஸ் என்ற இரண்டு ரகங்களையும் குழித்தட்டில் விதைத்தேன். விதை கருவேப்பிலைக் காம்பு மாதிரி மெலிசு, விரலில் ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்கிறது. போனில் அம்மாதான் சொன்னார்: "கீரை விதை மாதிரி மணலோட கலந்து தூவி, உள்ளங்கையால ஒரு தட்டு தட்டிவிடுடா, போதும்." அப்படியே செய்தேன். மேலே மண் போடவில்லை, அது நல்லதாயிற்று. பல லெட்யூஸ் ரகங்களுக்கு முளைக்கவே வெளிச்சம் வேண்டும். அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் செய்து 1952இல் வெளியான ஆய்வு நினைவுக்கு வந்தது. கிராண்ட் ராப்பிட்ஸ் ரக லெட்யூஸ் விதைகள் மேல் சிவப்பு ஒளியையும், சிவப்புக்கு அப்பால் நம் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும் தொலைச்சிவப்பு ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கடைசியாக எந்த ஒளி பட்டதோ அதைப் பொறுத்தே விதை முளைத்தது, அல்லது முளைக்காமல் கிடந்தது. செடிகள் ஒளியை உணரும் விதமே இந்தச் சின்ன விதையை வைத்துத்தான் பிடிபட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

தவறு வேறு இடத்தில் நடந்தது. மிளகாய்த் தட்டுக்காக விரித்திருந்த சூடேற்றும் விரிப்பின் மேலேயே இதையும் வைத்துவிட்டேன். ஆறு நாள் ஆகியும் ஒன்றும் வரவில்லை. பல்குச்சியால் ஒரு விதையை எடுத்துப் பார்த்தேன். ஊறி உப்பியிருந்தது, அழுகவில்லை, ஆனால் வேர்நுனி எட்டிப் பார்க்கவே இல்லை. மண்ணில் வெப்பமானியைச் செருகினால் 30 டிகிரி! லெட்யூஸ் விதைக்கு 15 முதல் 20 டிகிரிதான் சுகம். 27, 28ஐத் தாண்டினால் பல ரகங்கள் அப்படியே உறங்கிவிடும். தட்டைத் தூக்கிப் பால்கனிக் கதவோரம் தரையில் வைத்தேன், அங்கே 17 டிகிரி. மூன்றாம் நாள் காலையில் மண்மேல் அரிசி நுனி போல வெள்ளை வேர்கள் வளைந்து இறங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கு வேலைக்குக் கிளம்பவே மனமில்லை.

ஆனால் அந்த முதல் தட்டைக் காப்பாற்ற முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம் போதும் என்று விட்டேன். ஐந்தே நாளில் தண்டு நூல் மாதிரி நீண்டு கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. விதையிலை வரைக்கும் மண் அணைத்துப் பார்த்தேன். தட்டின் மேல் போட்டிருந்த மூடியையும் எடுக்காமல் விட்டதால் ஈரம் தங்கி, பாதி நாற்றுகள் மண்ணோடு ஒட்டிய இடத்தில் இற்று விழுந்தன. நாற்றழுகல்தான். வந்தபின் காப்பாற்ற வழியில்லை, வராமல் பார்த்துக்கொள்வதுதான்.

மார்ச் 15 அன்று மறுபடி விதைத்தேன். இந்த முறை விரிப்பு இல்லை. முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்தேன். நான்கடி எல்.இ.டி. விளக்கைச் செடிக்கு 10 சென்டிமீட்டர் மேலே சங்கிலியில் தொங்கவிட்டு, டைமரில் 15 மணி நேரம் வைத்தேன். செடி வளர வளரச் சங்கிலியை ஒரு கண்ணி ஏற்றிக்கொண்டே போனேன். தண்ணீர் மேலே ஊற்றவில்லை. அடித்தட்டில் ஊற்றி இருபது நிமிடம் விட்டு, மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவேன். சின்ன மின்விசிறி ஒன்று மெல்ல ஓடியது. காற்றில் ஆடிய தண்டுகள் குட்டையாகவும் கெட்டியாகவும் நின்றன. விதையிலைக்கு அப்புறம் முதல் உண்மையான இலை விரிந்ததும் மீன் உரத்தைக் கால்வாசிப் பலத்தில் கலந்து வாரம் ஒருமுறை கொடுத்தேன். வீடு ஒருநாள் முழுக்க மணக்கும், பரவாயில்லை.

இரண்டு விதை முளைத்த குழிகளில் ஒன்றைக் கத்தரிக்கோலால் நறுக்கினேன். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். நறுக்கியதை வாயில் போட்டால், அந்த அளவிலேயே லேசான கசப்பு தெரிகிறது.

ஏப்ரல் 15இலிருந்து பால்கனிப் பழக்கம். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அப்புறம் தினம் கொஞ்சம் கூட்டி, ஒன்பது நாள். இரண்டாம் நாள் காற்றில் இலை துவண்டது. உள்ளே கொண்டுவந்ததும் சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிட்டது. ரெட் செயில்ஸ் இலைகள் விளக்கடியில் பச்சையாகவே இருந்தவை; வெயில் பட்ட மூன்றாம் நாளே ஓரத்தில் சிவப்பு ஏறத் தொடங்கியது.

ஏப்ரல் 24 அன்று பதினான்கு நாற்றுகளை நீளத்தொட்டிகளில் ஓரடிக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் நட்டேன். ராத்திரி மெல்லிய துணி போர்த்துகிறேன். இன்று காலை துணியை விலக்கியபோது பதினான்கும் நிமிர்ந்து நின்றன. அடுத்த தட்டு நேற்றே விதைத்தாயிற்று, அதே கதவோரம்.