சிப்பிப்பாறையின் கண்ணில் சிவப்புப் பந்து
புல்தரையில் சிவப்புப் பந்தை எறிந்தால், எங்கள் செல்லூர் வீட்டுச் சிப்பிப்பாறை இன நாய் அது உருளும்வரை பாய்ந்து துரத்தும். பந்து நின்றதும் கண்ணால் தேடுவதை விட்டு, மூக்கைத் தரையில் பதித்து மோப்பம் பிடிக்கும். மனிதக் கண்ணில் நிறமறியும் கூம்புச் செல்கள் 3 வகை. நாய்க்கு 2 வகையே என்பதால், நீலமும் மஞ்சளும் தெளிவாகத் தெரிய, சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே மங்கலான நிறமாகக் கலந்துவிடுகின்றன (நாய் வளர்ப்போர் அருள்கூர்ந்து நீலப் பந்து வாங்குங்கள்). இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியை எதிரொளித்து மீண்டும் அனுப்புவதால், மின்தடை நேரத்து மங்கலிலும் நாய்க்கு நம்மைவிட நன்றாகவே கண் தெரிகிறது. இரவில் வைகைக் கரைச் சாலையில் வண்டி விளக்குப் பட்டதும் தெருநாய்களின் கண்கள் ஒளிர்வதற்கும் அந்தப் படலமே காரணம்.